ஓய்வுக் காலப் பேச்சு: இகாவின் ஒரு மாதத் தடை, கோகோ காஃபின் சர்வ், ரிபாகினாவின் புதுப் பயிற்சியாளர்

மூன்றாவது செட் | 29 நவம்பர் 2024

ரியாத்தில் மகளிர் டென்னிஸின் ஆண்டு இறுதிப் போட்டி முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. வழக்கமாக இந்த நாட்களில் யார் எந்தப் பயிற்சியாளரிடம் போனார், யார் எங்கே விடுமுறையில் இருக்கிறார் என்றுதான் பேசிக்கொண்டிருப்போம். நேற்று வந்த செய்தி அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

இன்னும் படிக்காதவர்களுக்காக: ஆகஸ்ட் 12 அன்று, சின்சினாட்டி போட்டிக்குச் சற்று முன், அப்போது உலக முதலிடத்தில் இருந்த போலந்து வீராங்கனை இகா ஸ்வியாதெக்கிடம் எடுத்த மாதிரியில் டிரைமெட்டாசிடின் என்ற தடை செய்யப்பட்ட மருந்து இருந்தது. செப்டம்பர் 12 அன்று அவருக்குத் தகவல் போயிருக்கிறது. அன்றே தற்காலிகத் தடை. அக்டோபர் 4 அன்று அது விலக்கப்பட்டது. நேற்று டென்னிஸ் நேர்மை அமைப்பான ஐடிஐஏ அறிவித்த தண்டனை ஒரு மாதம். ஏற்கெனவே 22 நாள் கழிந்துவிட்டதால் மிச்சம் எட்டு நாள், டிசம்பர் 4 அன்று முடிகிறது. சின்சினாட்டியில் அரையிறுதி வரை வந்ததற்கான புள்ளிகளும் 1,58,944 டாலர் பரிசுப் பணமும் போய்விட்டன. போலந்தில் தயாரான மெலடோனின் என்ற தூக்க மாத்திரையில் இந்த மருந்து கலந்திருந்தது, இகா வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை என்பதை அமைப்பே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நான் நம்புகிறேன். தீர்ப்பை முழுதாகப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆனால் ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. செப்டம்பர், அக்டோபரில் சியோல், பெய்ஜிங், வூஹான் மூன்றுக்கும் அவர் போகவில்லை. பெய்ஜிங்குக்குச் சொன்ன காரணம் தனிப்பட்ட விஷயங்கள். தடையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அந்த வாரங்களில் ரசிகர்கள் என்னென்ன பேசினார்கள் என்று நினைவிருக்கிறதா? காயம் என்றார்கள், பயிற்சியாளரோடு சண்டை என்றார்கள், மனச்சோர்வு என்றார்கள். சில இடங்களில் எழுதியதை இங்கே திருப்பிச் சொல்லக்கூட மனம் வரவில்லை. அதே சமயம் சபலென்கா அக்டோபர் 21 அன்று முதலிடத்துக்கு வந்தார். ஆஸ்திரேலியன் ஓபனும் யூஎஸ் ஓபனும் ஒரே ஆண்டில் வென்ற ஆட்டக்காரி அவர். இப்போது அவரைப் பார்த்து, இகா இல்லாததால் கிடைத்த இடம் என்று சிலர் ஆரம்பித்துவிட்டார்கள். வாயை மூடி வைத்ததால் அடிபட்டது இகா மட்டும் இல்லை.

நீங்கள் எல்லோரும் என்ன நினைக்கிறீர்கள்?

களிமண் தரை | 29 நவம்பர் 2024

மறைத்தார்கள் என்று சொல்வது சரியில்லை. விதியே அப்படித்தான் இருக்கிறது. தற்காலிகத் தடை வந்ததும் பத்து நாளுக்குள் மேல்முறையீடு செய்தால், அதன் முடிவு தெரியும் வரை வெளியே அறிவிக்க மாட்டார்கள். இகா அந்த அவகாசத்துக்குள் செய்துவிட்டார். மேல்முறையீட்டில் தடையும் நீங்கிவிட்டது. ஆண்கள் பிரிவில் யானிக் சின்னருக்கும் ஏப்ரலில் இதேதான் நடந்தது, நமக்குத் தெரிந்தது ஆகஸ்டில்.

அந்த விதி ஏன் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். செப்டம்பர் 12 அன்றே அறிவித்திருந்தால் தலைப்புச் செய்தி என்ன? "முதல்நிலை வீராங்கனை ஊக்கமருந்தில் சிக்கினார்." மூன்று வாரம் கழித்து தடை நீங்கியது என்று வரும் செய்தியை எத்தனை பேர் படிப்பார்கள்? அவர் பெயரைத் தேடினால் வாழ்நாள் முழுக்க அந்த முதல் தலைப்புதான் மேலே நிற்கும்.

இடதுகை | 29 நவம்பர் 2024

அப்படியானால் சிமோனா ஹாலெப்புக்கு ஏன் அந்தக் கருணை கிடைக்கவில்லை? 2022 யூஎஸ் ஓபன் மாதிரி, அக்டோபரில் தடை, உடனே உலகம் முழுக்கத் தெரிந்தது. விசாரணை முடிய 2023 செப்டம்பர் ஆனது. நான்கு வருடத் தடை. பிறகு இந்த மார்ச்சில் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் அதை ஒன்பது மாதமாகக் குறைத்தது. ஒன்பது மாதம் என்று தீர்ப்பு வரும்போது அவர் ஏறக்குறைய ஒன்றரை வருடம் வெளியே உட்கார்ந்திருந்தார்! இரண்டு கிராண்ட் ஸ்லாம் வென்றவர், முதலிடத்தில் இருந்தவர். மயாமியில் திரும்பி வந்து படோசாவிடம் முதல் செட்டை 6-1 என்று எடுத்தபோது நான் துள்ளிக் குதித்தேன். அடுத்த இரண்டு செட்டில் உடம்பு ஒத்துழைக்கவில்லை என்பது கண்ணுக்கே தெரிந்தது.

நேற்றைய தீர்ப்புக்குப் பிறகு ஹாலெப் எழுதியதைப் படித்தேன். ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டிருக்கிறார். நானும் அதைத்தான் கேட்கிறேன். எனக்கு இகா மேல் எந்த வருத்தமும் இல்லை. ஒருவருக்கு ஒரு மாதத்தில் முடிகிறது, இன்னொருவருக்கு முடியவே மாட்டேன் என்கிறது. இதை எப்படி ஏற்றுக்கொள்வது?

மருந்துக் கடை | 30 நவம்பர் 2024

நான் மருந்தாளுநர், அந்தக் கோணத்தில் சிலவற்றைச் சொல்கிறேன்.

டிரைமெட்டாசிடின் நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் மருந்து. இந்தியாவில் சாதாரணமாகக் கிடைப்பது, எங்கள் கடையிலும் தினமும் போகும். இதயத் தசை கொழுப்பை எரிப்பதைக் குறைத்து குளுக்கோஸைப் பயன்படுத்த வைக்கும். அதனால் அதே வேலைக்கு ஆக்சிஜன் சற்றுக் குறைவாகப் போதும். 2014 முதல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலில் இருக்கிறது. ரஷ்யச் சறுக்கு வீராங்கனை கமிலா வலியேவா சிக்கியதும், 23 சீன நீச்சல் வீரர்கள் விவகாரமும் இதே மருந்துதான். அதனால்தான் இந்தப் பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் பகீர் என்கிறது.

இகாவின் மாதிரியில் இருந்ததாகச் சொல்லப்படும் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 50 பிகோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடி பங்காக்கினால் ஒரு பங்குதான் பிகோகிராம். இந்த அளவால் ஆட்டத்தில் எந்தப் பலனும் கிடைக்காது. ஆனால் பெரிய அளவில் எடுத்து, நாள் கடந்து, கடைசியில் மிஞ்சிய சொட்டும் இப்படித்தான் தெரியும். ஆகவே எண் சின்னது என்பதாலேயே ஒருவர் குற்றமற்றவர் ஆகிவிட மாட்டார். எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். இகா தரப்பு காட்டியது. வாடா அங்கீகாரம் பெற்ற இரண்டு ஆய்வகங்களின் பகுப்பாய்வு அதை உறுதி செய்தது.

ஹாலெப் விஷயத்துக்கு வருகிறேன். இடதுகை கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் இரண்டு வழக்கும் ஒன்றில்லை. ஹாலெப் மீது இரண்டு குற்றச்சாட்டு இருந்தது. ஒன்று ரோக்ஸாடுஸ்டாட் என்ற மருந்து. மற்றது, பல ஆண்டு இரத்தப் பரிசோதனை எண்களை வைத்துப் போடும் உயிரியல் கடவுச்சீட்டு வழக்கு. இரண்டாவதற்கு நிபுணர்களை விசாரித்து முடிக்கவே மாதக்கணக்கில் ஆகும். தீர்ப்பாயம் கடைசியில் அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டது. அப்புறம், அவர் எடுத்தது கொலாஜன் துணைப்பொருள். துணைப்பொருளில் கலப்படம் இருக்கலாம் என்று வீரர்களுக்குத் திரும்பத் திரும்ப எச்சரிக்கை போகிறது. இகா எடுத்தது அவர் நாட்டில் மருந்தாகவே பதிவான மாத்திரை. அதில் இன்னொரு மருந்து இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். தண்டனை குறைந்ததற்கு இதுவும் காரணம்.

இடதுகை | 30 நவம்பர் 2024

விளக்கத்துக்கு நன்றி. இரண்டு குற்றச்சாட்டு என்பது சரிதான். ஆனாலும் அந்த இரண்டாவது குற்றச்சாட்டு நிற்காமல் போனதே! நிற்காத குற்றச்சாட்டுக்காகக் காத்திருந்த மாதங்களை யார் திருப்பித் தருவார்கள்? 33 வயதில் ஒரு ஆட்டக்காரிக்கு ஒரு வருடம் என்பது சின்ன விஷயம் இல்லை.

நெட் கார்டு | 30 நவம்பர் 2024

ஹாலெப்பாவது பெரிய பெயர், பணம் இருந்தது, போராடினார். தாரா மூரை யாருக்காவது நினைவிருக்கிறதா? பிரிட்டனின் இரட்டையர் ஆட்டக்காரி. 2022 ஏப்ரலில் பொகோட்டாவில் எடுத்த மாதிரி. 19 மாதம் ஆட முடியவில்லை. சாப்பிட்ட இறைச்சியிலிருந்து வந்தது என்று 2023 டிசம்பரில் தனித் தீர்ப்பாயம் விடுவித்தது. அதை எதிர்த்து ஐடிஐஏ மேல்முறையீடு செய்திருக்கிறது. இரட்டையர் மட்டும் ஆடுகிறவர்களின் வருமானம் எவ்வளவு என்று நமக்குத் தெரியும். வழக்கறிஞர், நிபுணர், ஆய்வகம் என்று செலவு செய்தால் கையில் என்ன மிஞ்சும்?

மாத்திரை டப்பா கையில் இருந்தால் சோதனைக்கு அனுப்பலாம். சாப்பிட்ட கறியை எங்கே போய்த் தேடுவது? இகாவுக்கு மூன்று வாரத்தில் மூலத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது, ஏனென்றால் உடனே ஆள் அனுப்ப, உடனே சோதிக்க அவரிடம் வசதி இருக்கிறது. அவர் வசதியோடு இருப்பது அவர் தப்பில்லை. 200-ஆவது இடத்தில் இருக்கும் பெண்ணுக்கும் அதே சோதனையைச் செய்துகொடுக்க டென்னிஸ் அமைப்புகள் ஒரு பொது நிதி வைக்க வேண்டும். தகவல் போன அன்றே வீராங்கனை சொல்லும் மருந்து, உணவு எல்லாவற்றையும் அமைப்பின் செலவிலேயே சோதித்துவிடலாம். ரகசியமா பகிரங்கமா என்பதைவிட இதுதான் முக்கியம் என்பேன்.

ஜூனியர் அம்மா | 1 டிசம்பர் 2024

பேச்சை மாற்றுவதற்கு மன்னியுங்கள். என் மகள் 16 வயதுக்குட்பட்ட பிரிவில் ஆடுகிறாள். பயிற்சி முடிந்ததும் புரோட்டீன் பவுடர் எடுக்கிறாள், அகாடமியிலேயே கொடுக்கிறார்கள். எந்த பிராண்ட் என்று கேட்டால், கவலைப்படாதீர்கள், எல்லோரும் எடுப்பதுதான் என்கிறார்கள். இந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

மருந்துக் கடை | 1 டிசம்பர் 2024

அக்கா, முதலில் அந்த டப்பாவை உங்கள் கண்ணால் பாருங்கள். பெயர் தெரியாத பொடி எதுவும் வேண்டாம். டப்பாவில் இருக்கும் பேட்ச் எண்ணையும், வாங்கிய ரசீதையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டப்பா தீர்ந்தாலும் அடியில் ஒரு கரண்டி விட்டு மூடி, சில மாதம் வைத்திருங்கள். பிரச்சினை என்று வந்தால் பேசப்போவது அந்த ஒரு கரண்டிதான். ஒவ்வொரு பேட்சையும் சோதித்துச் சான்று தரும் இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் போன்ற திட்டங்கள் உண்டு. அந்தச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளபடி சொன்னால், அந்த வயதுப் பிள்ளைக்கு முட்டை, பால், பருப்பு, சுண்டல் போதும். பவுடர் இல்லாவிட்டால் குடிமுழுகிவிடாது. சளி, காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போகும்போதும் பிள்ளை போட்டிகளில் ஆடுகிறாள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஜூனியர் அம்மா | 1 டிசம்பர் 2024

ரொம்ப நன்றி தம்பி. நாளைக்கே டப்பாவைக் கேட்கிறேன்.

மூன்றாவது செட் | 3 டிசம்பர் 2024

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். களிமண் தரை சொல்லும் தலைப்புச் செய்தி வாதம் வலுவானது. ஆனாலும் நான் என் பக்கத்திலேயே நிற்கிறேன். பெயர் கெட்டுவிடும் என்ற பயம் உண்மை. அதற்கு மருந்து, அறிவிப்போடு சேர்த்து மருந்தின் அளவையும் வழக்கின் நிலையையும் சொல்வதுதான். இரண்டு மாதம் கழித்துத் தெரியும்போது அந்த இரண்டு மாதமும் சந்தேகத்துக்கு ஆளாகிவிடுகிறது.

ஆனால் இன்னொன்றை யாரும் கேட்கவில்லை. இந்த வழக்கின் அடியில் இருப்பது என்ன மாத்திரை? தூக்க மாத்திரை. 23 வயதுப் பெண், உலகின் மிக உடல்தகுதி உள்ள ஆட்டக்காரிகளில் ஒருவர், தூங்குவதற்கு ஏன் மாத்திரை போட வேண்டியிருந்தது?

இந்த ஆண்டு அவர் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். மேட்ரிட், ரோம், ரோலண்ட் கேரோ மூன்றும் தொடர்ந்து வென்றார். மேட்ரிட் இறுதியில் சபலென்காவோடு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆடி, மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட்டைத் தடுத்து வென்றார். உடனே புல்தரை. அங்கிருந்து ஒலிம்பிக்ஸுக்காகத் திரும்பவும் பாரிஸ் களிமண். அரையிறுதியில் ஜெங் சின்வென்னிடம் தோற்று, அழுது, அடுத்த நாள் வெண்கலத்துக்காக ஆடினார். அந்த ஆட்டம் நடந்தது ஆகஸ்ட் 2. பத்து நாள் கழித்து, அட்லான்டிக் கடந்து, ஆறு மணி நேர வித்தியாசத்தில், வேறு தரையில், வேறு பந்தில் ஆடத் தயாராக நிற்கும்போதுதான் அந்த மாதிரி எடுக்கப்பட்டது. பயணக் களைப்புக்கும் தூக்கமின்மைக்கும்தான் மாத்திரை எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

2024 முதல் மகளிர் டென்னிஸ் சங்கமான டபிள்யூடிஏ பத்து 1000 புள்ளிப் போட்டிகளையும் ஆறு 500 புள்ளிப் போட்டிகளையும் முன்னணி ஆட்டக்காரிகளுக்குக் கட்டாயமாக்கியிருக்கிறது. 500 போட்டிகளில் எண்ணிக்கை குறைந்தால் தரவரிசையில் பூஜ்யம் சேரும். அக்டோபரில் இகா முதலிடம் இழந்ததற்கு அந்தக் கழிவும் ஒரு காரணம். உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்று ஒருவர் நினைத்தாலும் விதி விடாது. பல 1000 போட்டிகள் இப்போது ஒரு வாரத்திலிருந்து பன்னிரண்டு நாளுக்கு நீண்டுவிட்டன. இடையில் ஒரு நாள் ஓய்வு கிடைக்கிறதே என்பார்கள். ஹோட்டல் அறையில் உட்கார்ந்திருப்பது வீட்டில் இருப்பது ஆகுமா?

களிமண் தரை | 3 டிசம்பர் 2024

இதில் முழுக்க உங்களோடு இருக்கிறேன். நவம்பர் 9 ரியாத் இறுதி, டிசம்பர் 27 நாடுகள் அணியாக மோதும் யுனைடெட் கோப்பை ஆரம்பம். ஏழு வாரம்கூட இல்லை. பவோலினியை எடுத்துக்கொள்ளுங்கள்: மலாகாவில் நவம்பர் 20 அன்று ஸ்லோவாக்கியாவை வென்று இத்தாலிக்கு பில்லி ஜீன் கிங் கோப்பை வாங்கிக் கொடுத்தார், அவரும் யுனைடெட் கோப்பைக்கு வருகிறார். ஐந்து வாரத்தில் ஓய்வு, உடற்பயிற்சி, ஆட்டப் பயிற்சி, ஆஸ்திரேலியப் பயணம் எல்லாம். ரோலண்ட் கேரோவிலும் விம்பிள்டனிலும் இறுதி வரை வந்தவர், ஒலிம்பிக் இரட்டையர் தங்கம் வேறு. உடம்பு என்ன இரும்பா?

கோர்ட் ஏழு | 5 டிசம்பர் 2024

குறுக்கே ஒரு கேள்வி. ஓய்வு வேண்டும் என்கிறார்கள், ஆனால் நேற்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பெகுலாவும் நவாரோவும் காட்சி ஆட்டம் ஆடினார்கள். இன்னும் இரண்டு வாரத்தில் அபுதாபியில் வேர்ல்ட் டென்னிஸ் லீக். இகா, சபலென்கா, ரிபாகினா மூன்று பேரும் பட்டியலில் இருக்கிறார்கள். அப்படியானால் களைப்பு என்பது எந்த அளவுக்கு உண்மை?

மூன்றாவது செட் | 5 டிசம்பர் 2024

நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு காட்சி ஆட்டத்தையும் ஒரு 1000 போட்டியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. காட்சி ஆட்டத்துக்குத் தேதியை ஆட்டக்காரி ஒப்புக்கொள்கிறார், வேண்டாம் என்றால் வேண்டாம். ஒரு மாலை, இரண்டு செட், தரவரிசையில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. பலருக்குப் புதிதாகக் கற்ற ஷாட்டைக் கூட்டத்துக்கு முன்னால் அடித்துப் பார்க்க அது நல்ல வாய்ப்பு. நான் குறை சொல்வது கட்டாயத்தைத்தான்.

பெரிய பணம் வருகிறது என்பதையும் மறுக்கவில்லை. பத்து வருடம் ஆடி ஐம்பது வருடம் வாழ வேண்டிய தொழில். சம்பாதிக்கட்டும்.

பேக்ஹேண்ட் | 7 டிசம்பர் 2024

கொஞ்சம் ஆட்டத்தையும் பேசுவோம். என் கண் இந்த ஓய்வுக் காலம் முழுக்க அமெரிக்காவின் கோகோ காஃபின் சர்வ் மேல்தான்.

யூஎஸ் ஓபன் நான்காம் சுற்றில் நவாரோவிடம் தோற்ற ஆட்டத்தில் 19 டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வும் தவறிப் புள்ளியை இழப்பது). நடப்புச் சாம்பியன், சொந்த நாட்டுக் கூட்டம், மூன்றாவது செட்டில் பந்தை மேலே போடவே பயப்படுவது போல இருந்தது. அந்த மாதமே பயிற்சியாளர் பிராட் கில்பர்ட்டைப் பிரிந்தார். மேட் டேலி வந்தார். வந்தவர் முதலில் தொட்டது கிரிப். சர்வுக்கு ராக்கெட்டைச் சுத்தியல் பிடிப்பது போலப் பிடிக்க வேண்டும். உள்ளங்கை கொஞ்சம் பின்னால் நகர்ந்து ஃபோர்ஹேண்ட் பிடிக்குப் போய்விட்டால், முதல் சர்வ் எப்படியோ போய்விடும், வேகம் காப்பாற்றிவிடும். இரண்டாவது சர்வில்தான் வம்பு. பந்தைத் தேய்த்துச் சுழற்ற முடியாது. சுழற்சி இல்லாவிட்டால் பந்து வலையைத் தாண்டி உயரமாகப் போய் பெட்டிக்குள் இறங்காது. உடனே கை தானாகவே மெதுவாகும், பந்து வலையில் விழும். காஃபின் டபுள் ஃபால்ட்டுகளைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், ஒன்று வலை, அடுத்தது நீளம், திரும்பவும் வலை என்று மாறி மாறி வரும். தலையில் இருக்கும் பயத்தைவிடக் கையில் இருக்கும் பிடிதான் காரணம் என்பது என் எண்ணம்.

அக்டோபரில் பெய்ஜிங் பட்டம், இறுதியில் முகோவாவை 6-1, 6-3. சரியாகிவிட்டது என்று நினைத்தோம். அடுத்த வாரமே வூஹான் அரையிறுதியில் சபலென்காவிடம் 21 டபுள் ஃபால்ட்! அப்புறம் ரியாத்தில் இகாவையும் சபலென்காவையும் வென்று, இறுதியில் ஜெங் மூன்றாவது செட்டில் 5-4 என்று ஆட்டத்தை முடிக்க சர்வ் செய்தபோது பிரேக் எடுத்து, டைபிரேக்கை 7-2 என்று முடித்தார். 48 லட்சம் டாலர், பெண்கள் டென்னிஸில் அதுவரை யாரும் வாங்காத பரிசு. சர்வ் பாதி தேறிய நிலையிலேயே இதைச் செய்தார் என்றால், தேறிவிட்டால் என்ன ஆகும்?

ஆனால் பிடியை மாற்றுவது ஒரு வாரத்து வேலை இல்லை. போட்டி எதுவும் இல்லாமல் கூடை கூடையாகப் பந்து அடிக்க வேண்டும். அழுத்தம் வந்தால் கை பழைய இடத்துக்கே ஓடும். அது ஓடாத அளவுக்குப் பழக, ஆண்டு முழுக்க இந்த சில வாரங்கள்தான் இருக்கின்றன. அட்டவணை பற்றி மேலே எழுதியதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். ஓய்வுக் காலம் இரண்டு மாதமாக இருந்தால் நாம் பார்க்கும் ஆட்டமே மேலாக இருக்கும்.

இடதுகை | 7 டிசம்பர் 2024

அருமையான பதிவு. 5-4 கேமில் ஜெங் அவசரப்பட்டதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் ஒலிம்பிக் தங்கம், ஆஸ்திரேலிய இறுதி, ரியாத் இறுதி என்று ஒரே ஆண்டில் எங்கேயோ போய்விட்டார். 2025-இல் அவர் ஒரு கிராண்ட் ஸ்லாம் எடுத்தால் எனக்கு ஆச்சரியமே இருக்காது.

நெட் கார்டு | 9 டிசம்பர் 2024

பயிற்சியாளர் மாற்றம் வரிசையாக வருகிறது. இகாவிடம் விக்டோரோவ்ஸ்கி போய் விம் ஃபிசெட் வந்துவிட்டார். ஃபிசெட்டைப் பிரிந்த ஒசாகா மூரட்டோக்ளோவிடம் போயிருக்கிறார். எனக்கு அதிக ஆர்வம் ரிபாகினா மேல்தான். யூஎஸ் ஓபனுக்கு முன் ஸ்டெஃபனோ வுகோவைப் பிரிந்தார், இப்போது கோரான் இவானிசெவிச். பெண்களில் மிக அழகான சர்வ் வைத்திருப்பவருக்கு, சர்வினாலேயே விம்பிள்டன் வென்ற மனிதர்! கோரான் ஆடும்போது எரிமலை, ரிபாகினா வென்றாலும் தோற்றாலும் ஒரே முகம். இரண்டு பேரும் எப்படி ஒத்துப்போவார்கள் என்று பார்க்க வேண்டும். இந்த ஆண்டு பாதி நாள் உடல்நலக் குறைவால் போனது. ரியாத்தில் சபலென்காவை மூன்றாவது செட்டில் 6-1 என்று அடித்ததைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், முழு உடல்நலத்தோடு இருந்தால் அவரைத் தடுக்க யார்?

பேக்ஹேண்ட் | 9 டிசம்பர் 2024

சபலென்காவே தடுப்பார். ஆனால் ஆசை எனக்கும் அதுதான்.

களிமண் தரை | 10 டிசம்பர் 2024

டேனியல் காலின்ஸ் விடைபெறவில்லை என்பதை யாரும் கொண்டாடவில்லையே. 2024-தான் கடைசி என்று ஜனவரியில் சொல்லிவிட்டு, மயாமி, சார்ல்ஸ்டன் என்று தொடர்ந்து பட்டம் வென்றார். இப்போது 2025-இலும் ஆடுகிறார். கருப்பை சார்ந்த நோயான எண்டோமெட்ரியோசிஸும் கருத்தரிப்புச் சிகிச்சையும் நினைத்ததைவிட நாளாகிறது என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மகிழ்ச்சியான காரணத்தால் வந்த முடிவு இல்லை. அதனால் திரும்பி வருகிறாரே என்று குதிக்கவும் மனம் வரவில்லை. ஆடும் வரை சந்தோஷமாக ஆடட்டும்.

பென்சிச்சும் வந்துவிட்டார். ஏப்ரலில் மகள் பிறந்தாள். நேற்றுமுன்தினம் பிரான்சில் ஆஞ்சே 125 போட்டியில் இறுதி வரை வந்து அலிசியா பார்க்ஸிடம் தோற்றார். குழந்தை பிறந்து எட்டு மாதம்கூட முடியவில்லை!

ஜூனியர் அம்மா | 12 டிசம்பர் 2024

பென்சிச் செய்தியைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. என் மகளிடம் காட்டினேன்.

டப்பாவையும் பார்த்துவிட்டேன். பேட்ச் எண் இருந்த இடத்தில் வேறு ஒட்டுச்சீட்டு ஒட்டியிருந்தது. நிறுத்திவிட்டோம். தினமும் இரண்டு முட்டையும் சுண்டலும் கொடுத்து அனுப்புகிறேன்.

மருந்துக் கடை | 12 டிசம்பர் 2024

நல்ல முடிவு அக்கா. மற்றப் பெற்றோரிடமும் அந்த ஒட்டுச்சீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

மூன்றாவது செட் | 18 டிசம்பர் 2024

டபிள்யூடிஏ விருதுகள் வந்துவிட்டன. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரி சபலென்கா, சந்தேகமே இல்லாத தேர்வு. முதலிடம் யாரோ விட்டுக்கொடுத்தது என்று பேசுகிறவர்கள் இரண்டு கிராண்ட் ஸ்லாம் கோப்பையையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். மீண்டெழுந்த ஆட்டக்காரி படோசா. முதுகெலும்பு முறிவோடு விளையாட்டையே விடலாமா என்று நினைத்தவர், நூறுக்கு வெளியே இருந்து இப்போது 12-ஆம் இடத்தில். சிறந்த பயிற்சியாளர் பவோலினியின் ரென்சோ ஃபுர்லான். இரட்டையர் அணி எர்ரானி, பவோலினி. ஒன்றில்கூடக் குறை சொல்ல இடமில்லை.

இகா பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் எதிரணி வீராங்கனைகள் அவரை எப்படி வரவேற்பார்கள், கூட்டத்தில் யாராவது கத்துவார்களா என்று மனம் அடித்துக்கொள்கிறது. ஐந்து கிராண்ட் ஸ்லாம் வென்றவர், புள்ளி இழந்தால் தொப்பியை இறக்கிக்கொண்டு துண்டுக்குள் முகத்தை மறைக்கும் பெண். உடைமாற்றும் அறையில் ஒரு வார்த்தை சரியாக விழாவிட்டால் அதை மூன்று செட்டுக்கும் சுமப்பார். அவர் நல்லபடியாக ஆரம்பிக்க வேண்டும்.

கோர்ட் ஏழு | 19 டிசம்பர் 2024

யுனைடெட் கோப்பையில் போலந்து சிட்னியில் ஆடுகிறது, அதே பிரிவில் நார்வேயும் செக் குடியரசும். அமெரிக்கா பெர்த்தில், கனடாவும் குரோவேஷியாவும் கூட. அதாவது காஃபின் புது சர்வைப் பெர்த்திலும் இகாவைச் சிட்னியிலும் பார்க்கலாம். சிட்னி நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால், பெர்த் இரண்டரை மணி நேரம். சிட்னி காலை ஆட்டம் என்றால் விடியும் முன்னே எழ வேண்டும்.

பேக்ஹேண்ட் | 19 டிசம்பர் 2024

நான் எழுந்துவிடுவேன். காஃபின் முதல் சர்வீஸ் கேமிலேயே இரண்டாவது சர்வ் எத்தனை பெட்டிக்குள் விழுகிறது, எத்தனை வலையில் போகிறது என்று குறித்து இங்கேயே போடுகிறேன்.